முத்திரை இருக்கிறது, தராசு எங்கே?

மருந்தின் விலையைக் கேட்பது நம்மவரிடையே ஏதோ நாகரிகமற்ற செயலாகக் கருதப்பட்டு வருகிறது. மீன் வாங்கச் சென்றால் செவுளைத் திறந்து பார்க்கிறோம். பெருநாளைக்குத் துணி எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். பெண்ணுக்கு நகை செய்யும்போது உரைத்துப் பார்க்காமல் ஒரு குன்றிமணி எடையையும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால், மருந்துக் கடைக்காரர் பையைக் கட்டி வைத்து 'நாலாயிரத்து இருநூறு' என்று சொன்னால், மறுபேச்சின்றி எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஏன் என்று கேட்டால், 'உயிர்க் காரியத்தில் கணக்குப் பார்க்கலாமா?' என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். உயிர்க் காரியம் என்பதனாலேயே கணக்குப் பார்க்க வேண்டும் என்பது நம் வாதம்.

நாம் அங்கம் வகிக்கும் ஜமாஅத் மருத்துவ உதவிக் குழுவுக்கு வரும் மனுக்களின் தன்மை அண்மைக் காலத்தில் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் அறுவைச் சிகிச்சை, விபத்து, பிரசவம் என்று ஒருமுறை உதவி கோரி வருவார்கள். கொடுத்தால் காரியம் முடிந்துவிடும். இன்று வருகிறவர்கள் மாதாமாதம் கேட்கிறார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதயம், சிறுநீரகம் என்று முடிவுத் தேதியில்லாத நோய்களுக்கான முடிவுத் தேதியில்லாத செலவு அது. பைத்துல்மாலில் இருப்பதோ எண்ணிப் பார்த்துச் செலவிட வேண்டிய பணம்.

ஒரு தாயார் வந்தார். வயது அறுபதுக்கு மேல். மகன் சபரில் இருக்கிறார். மாதம் மூவாயிரம் ரூபாய் மருந்துக்கென்று தனியே அனுப்புகிறார். சீட்டிலுள்ள மருந்துகளை முழுமையாக வாங்கினால் நாலாயிரத்து இருநூறு ஆகிறது. துண்டு விழும் பணத்துக்குத்தான் மனு. 'இப்போது எப்படி உம்மா சமாளிக்கிறீர்கள்?' என்று கேட்டோம். 'விலை கூடின மாத்திரையை மட்டும் பாதி மாசம் விட்டுடுவேன் வாப்பா' என்றார். அவர் பையிலிருந்த அட்டைகளை மேசையில் பரப்பி, மருந்துக் கடையில் பணிபுரியும் நம் குழு இளைஞர் ஒருவர் படித்துச் சொன்னபோதுதான் விஷயம் விளங்கிற்று. வில்டாகிளிப்டின் என்னும் ஒரே மருந்து இரண்டு பெயர்களில், இரண்டு மருத்துவர்கள் எழுதியதாக, இரண்டு அட்டைகளில் இருந்தது. ஒன்று தனித்து, மற்றொன்று மெட்ஃபார்மினுடன் கூட்டாக. நரம்புக்கு என்று ஒன்று, சத்துக்கு என்று இரண்டு. பாதி மாதம் விட்டுவிடும் அந்த விலை கூடிய மாத்திரையோ, ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு கண்ட அந்த உம்மாவின் இருதயத்தைக் காக்கக்கூடியது என்று நிறுவப்பட்ட எம்பாகிளிஃப்ளோசின்!

எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. எல்லா அட்டைகளும் அவருக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. எல்லாமே அரசு ஒப்புதல் பெற்ற மருந்துகள்தாமே! விலை ஒன்றுதான் கண்ணுக்குப் புலப்பட்ட வேறுபாடு. அவர் அதைக் கொண்டு தீர்மானித்தார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

இஃது ஓர் உம்மாவின் கதையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாயிலில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர். இத்தனை பேரும் நாள் தவறாமல், ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்க வேண்டியவர்கள் ஆவார்கள் என்றால், எந்த மாத்திரை எவ்வளவு பயன் தரும், அதற்கு எவ்வளவு விலை தகும் என்று நிறுத்துச் சொல்ல ஒரு தராசு நாட்டில் இருக்க வேண்டாமா?

'அதற்குத்தானே அரசாங்கம் ஒப்புதல் தருகிறது' என்பார்கள். இங்கேதான் பெருந்தவறு நேர்கிறது. ஒப்புதல் என்ற சொல்லில் நாம் ஏற்றி வைத்திருக்கும் பொருள் வேறு. சட்டம் அதற்குத் தரும் பொருள் வேறு. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டமும், 2019ஆம் ஆண்டின் புதிய மருந்து விதிகளும் கேட்பவை, மருந்து ஓரளவு பாதுகாப்பானதா, சொல்லும் வேலையைச் செய்கிறதா, தரமாகத் தயாராகிறதா என்பவைதாம். ஏற்கெனவே இருக்கும் மலிவான மருந்தைவிட இது மேலானதா என்ற கேள்வி ஒப்புதலுக்குக் கட்டாயமன்று. அந்த விலைக்கு அது தகுமா என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. வெற்று மாத்திரையைவிடச் சர்க்கரையைச் சற்றுக் கூடுதலாக இறக்கிக் காட்டினால் முத்திரை கிடைத்துவிடும்.

சர்க்கரை இறங்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதை மருத்துவ உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. ரோசிகிளிட்டசோன் என்ற மருந்து 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சர்க்கரையை இறக்கிற்று, உலகமெங்கும் விற்றது. எட்டாண்டுகள் கழித்து, 2007இல், அது மாரடைப்பைக் கூட்டுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். 2010இல் ஐரோப்பா அதை நிறுத்தி வைத்தது. இந்தியா தடை செய்தது. 2013இல் வேறொரு ஆய்வை மறுபரிசீலனை செய்து அமெரிக்கா கட்டுப்பாடுகளைத் தளர்த்திக் கொண்டது. அந்த மருந்து எவ்வளவு குற்றவாளி என்பது இங்கே நம் வழக்கன்று. இருதயத்துக்கு அது நல்லதா கெட்டதா என்பது தெரியாமலேயே கோடிக்கணக்கான மாத்திரைகள் முத்திரையோடு விற்கப்பட்டன என்பதுதான் நம் வழக்கு.

2008இல் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு சாராருக்குச் சர்க்கரையை மிகக் கடுமையாக, நோயற்றவர் அளவுக்கே இறக்க முயன்றார்கள். அதிக மருந்து, அதிக ஊசி. அந்தச் சாராரில் 257 பேர் இறந்தார்கள். மற்றச் சாராரில் 203 பேர். ஆய்வின் அந்தப் பகுதியை இடையிலேயே நிறுத்த நேர்ந்தது. ஆய்வுக்கூடச் சீட்டில் எண் இறங்குவதும் ஆயுள் ஏறுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதற்கு மேலும் சாட்சி வேண்டுமா?

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான், புதிய சர்க்கரை மருந்துகளின் இருதய விளைவையும் சோதித்துக் காட்டுமாறு அமெரிக்கா கேட்கத் தொடங்கிற்று. அதன் பலனாக நமக்குக் கிடைத்த செய்திகள் மிகச் சுவையானவை. 2013இல் சாக்ஸாகிளிப்டின் என்ற மருந்தின் முடிவு வந்தது. இருதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தோர் அதை உண்டவர்களில் 3.5 விழுக்காடு, வெற்று மாத்திரை உண்டவர்களில் 2.8 விழுக்காடு. 2015இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த சிட்டாகிளிப்டினின் முடிவு வந்தது. 14,671 பேரிடம் சோதித்ததில் இருதயத்துக்குத் தீங்கும் இல்லை, நன்மையும் இல்லை. அதே 2015இல் எம்பாகிளிஃப்ளோசினின் முடிவும் வந்தது. ஏற்கெனவே இருதய நோயோ இரத்தக் குழாய் நோயோ உள்ள 7,020 நீரிழிவு நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்றாண்டுகள் சோதித்தார்கள். வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 8.3 பேர் இறந்தார்கள். மருந்து உண்டவர்களில் 5.7 பேர்.

மூன்று மருந்துகள். மூன்றும் சர்க்கரையை இறக்கும். மூன்றுக்கும் ஒரே முத்திரை. பயனோ மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது. இந்த வேறுபாட்டை மருந்து அட்டையில் எங்கேனும் காண முடியுமா?

இப்போது தராசைக் கையிலெடுப்போம். நூற்றுக்கு 8.3 என்பது 5.7 ஆகிறதென்றால், இருதய நோயுள்ள ஏறத்தாழ 39 நீரிழிவு நோயாளிகள் மூன்றாண்டுகள் இம்மருந்தை உண்டால் ஓர் உயிர் காக்கப்படுகிறது என்று பொருள். நம் நாட்டில் அதன் காப்புரிமை 2025 மார்ச் மாதம் முடியும் வரை ஒரு மாத்திரை ஏறத்தாழ 60 ரூபாய். ஆண்டுக்கு 21,900 ரூபாய். 39 பேருக்கு மூன்றாண்டுக்குக் கணக்கிட்டால் 25 லட்சத்து 62 ஆயிரம். காப்புரிமை முடிந்ததும், அதே மாதத்திலேயே, பத்து ரூபாய்க்கும் குறைவாக அதே மாத்திரை கடைக்கு வந்தது. பத்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் கணக்கு 4 லட்சத்து 27 ஆயிரமாகிறது. மருந்து அதுவே, காக்கும் உயிரும் அதுவே. ஒப்புதல் காகிதத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. விலை மட்டும் ஆறில் ஒரு பங்காயிற்று. அப்படியானால் மார்ச்சுக்கு முந்தைய அந்த விலை எதைக் கொண்டு நிர்ணயிக்கப்பட்டது? பயனைக் கொண்டன்று என்பது வெளிப்படை. வாங்குகிறவர்களில் யாரிடம் எவ்வளவு கறக்கலாம் என்பதைக் கொண்டுதான்.

இனி, மலிவானவற்றைப் பாருங்கள். மெட்ஃபார்மின் 1957இல் பிரான்சில் நடைமுறைக்கு வந்த மருந்து. மாத்திரை சில ரூபாய்க்குள் கிடைக்கிறது. பிரிட்டனில் இருபதாண்டுகள் நடந்து 1998இல் முடிவு வெளியான பெரும் ஆய்வில், உடல் பருத்த நீரிழிவு நோயாளிகளிடையே இம்மருந்து இறப்பை 36 விழுக்காடு குறைத்தது. அதே ஆய்வின் மற்றொரு பகுதியை நம் மக்கள் பெரும்பாலும் கேள்விப்பட்டதே இல்லை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் சேர்ந்து உள்ளவர்களுக்கு, பழைய, சாதாரண மாத்திரைகளைக் கொண்டு அழுத்தத்தை நன்கு கட்டுப்படுத்தியதில் பக்கவாதம் 44 விழுக்காடும் நீரிழிவு சார்ந்த இறப்பு 32 விழுக்காடும் குறைந்தன. சர்க்கரைக்கு மூன்றாவது, நான்காவது மாத்திரையைத் தேடி அலைகிறவர், இரத்த அழுத்தத்தை அளந்து ஆறு மாதமாகியிருப்பதை நம் குழுவில் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம்.

மலிவானதெல்லாம் நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. ரமலானையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் 13 நாடுகளில் நடந்த ஆய்வொன்றில், இன்சுலின் தேவைப்படாத வகை நீரிழிவு உள்ள முஸ்லிம்களில் 79 விழுக்காட்டினர் குறைந்தது பதினைந்து நாள் நோன்பு நோற்றது தெரிய வந்தது. சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மருத்துவமனை சேர்வதும் அம்மாதத்தில் பன்மடங்கு கூடியிருந்தது. கிளிபென்கிளமைடு என்ற பழைய மாத்திரை மிக மலிவு. ஆனால் நெடுநேரம் வேலை செய்து, அஸர் நேரத்தில் ஆளை மயங்கி விழச் செய்யக்கூடியது. அத்தகையவருக்கு, தாழ்சர்க்கரையை அரிதாகவே உண்டாக்கும் கிளிப்டின் வகை மருந்து, கூடுதல் விலைக்கும் தகும். மேலே நாம் பயனற்றது போலப் பேசிய அதே வகைதான்! யாருக்கு, எதற்காக என்பதையும் சேர்த்து நிறுத்தால்தான் தராசு தராசாகும். (நோன்புக்கு இரண்டு மாதம் முன்பே மருத்துவரைக் காண வேண்டும் என்பதை இங்கே சொல்லி வைக்கிறோம். பிறை கண்ட இரவில் ஓடுவதில் பயனில்லை.)

பிரிட்டனில் இந்தத் தராசு 1999 முதல் இருக்கிறது. மருந்துக்கு ஒப்புதல் தருவது ஓர் அமைப்பு. அந்த மருந்து எத்தனை ஆண்டு நல்வாழ்வைக் கூட்டுகிறது, அதற்கு அரசு பணம் கொடுக்கலாமா என்று நிறுத்துப் பார்ப்பது வேறோர் அமைப்பு. ஓராண்டு நல்வாழ்வுக்கு 20,000 முதல் 30,000 பவுன் வரை என்று நீண்ட காலமாக ஒரு வரம்பை வைத்து, அதற்கு மேல் போனால் விலையைக் குறைத்துக்கொண்டு வா என்று நிறுவனங்களைத் திருப்பி அனுப்பி வந்திருக்கிறார்கள். அந்த வரம்பில் கடுமை உண்டு, கண்ணீரும் உண்டு. அரிய நோய் கண்ட பிள்ளைகளின் பெற்றோர் அதை எதிர்த்துப் போராடியதும் உண்டு. ஆயினும் வெளிப்படையான ஒரு கணக்கு அங்கே இருக்கிறது, அதனோடு வாதிடலாம். நம் நாட்டிலும் 2017இல் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் இதற்கென ஓர் அமைப்பு தோன்றியது. பயனுள்ள மதிப்பீடுகளையும் செய்து வருகிறது. ஆனால், மருந்துக் கடையில் நாம் கொடுக்கும் விலையை அது தீர்மானிப்பதில்லை. 2013ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணை, அத்தியாவசியப் பட்டியலிலுள்ள மருந்துக்கு, சந்தையில் விற்கும் பெயர்களின் விலைச் சராசரியை எடுத்து, அதன்மேல் சில்லறை வணிகருக்கு 16 விழுக்காடு சேர்த்து, இதுதான் உச்சவரம்பு என்கிறது. விற்கிற விலையிலிருந்தே விலைக்கு வரம்பு! பட்டியலுக்கு வெளியே உள்ளவற்றின் விலையை ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வரை ஏற்றிக்கொள்ளலாம். திருடனைக் கேட்டுப் பூட்டுச் செய்வது என்பது இதுதானோ?

கூட்டு மருந்துகளின் கதை இன்னும் வேதனையானது. இரண்டையும் மூன்றையும் ஒரே மாத்திரையில் அடைத்து, மத்திய அமைப்பின் ஒப்புதல் இன்றியே மாநில உரிமம் பெற்றுப் பலவற்றை விற்று வந்தார்கள். 2012இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகச் சாடியது. 2016இல் அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி மறு ஆய்வு நடந்து, 2018இல் 328 கூட்டு மருந்துகள் தடைக்குள்ளாயின. சர்க்கரைக்கான மூன்று மருந்துக் கூட்டுகளும் அவற்றில் இருந்தன. இத்தனை ஆண்டுகளும் அவற்றை விழுங்கியவர்கள் யார்? பணம் கொடுத்தவர்கள் யார்? மூன்றில் ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் அதை மட்டும் குறைக்க வழியில்லாத மாத்திரையை, 'ஒன்றில் மூன்று, வசதி' என்று சொல்லித்தானே விற்றார்கள்?

நம்மை மறுப்போர் இரண்டு வாதங்களை வைப்பார்கள். ஆதாயம் இல்லாவிட்டால் ஆராய்ச்சி இல்லை என்பது முதலாவது. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும், மறுக்கவில்லை. எம்பாகிளிஃப்ளோசின் போன்ற உண்மையான கண்டுபிடிப்புக்கு நல்ல ஊதியம் கிடைக்கட்டும். பயனை நிறுத்து விலை தரும் ஏற்பாடு அத்தகைய ஆராய்ச்சிக்குத்தான் சாதகம்; இருதயத்துக்கு எந்த நன்மையும் காட்டாததற்கும் அதே கொழுத்த விலை கிடைக்கும் இன்றைய ஏற்பாட்டில், எவன் சிரமப்பட்டு நல்லதைத் தேடுவான்? மேலும், நீரிழிவு வரலாற்றின் தலையாய கண்டுபிடிப்பாகிய இன்சுலினை 1921இல் டொரன்டோவில் கண்டறிந்தவர்கள், 1923இல் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது வாதம் வலுவுள்ளது. மலிவு மருந்து தரமற்றதாக இருக்குமே என்கிறார்கள். அந்த அச்சம் முற்றிலும் வீண் என்று சொல்லமாட்டோம். தரப் பரிசோதனையில் தோற்கும் மருந்துகளின் பட்டியலை மத்திய அமைப்பே மாதந்தோறும் வெளியிட்டு வருகிறது. அதில் பெரிய பெயர்களின் மருந்துகளும் இடம்பெற்றதுண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தரத்துக்கு வழி பரிசோதனைதான். உயர்ந்த விலை பரிசோதனைக்கு ஈடாகாது. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் செய்துவரும் வேலையைப் பாருங்கள். மூலப்பெயரில் மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறார்கள். மாதிரிகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகே விநியோகிக்கிறார்கள். இந்தியாவின் பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை அது. அந்தக் கிடங்கின் மாத்திரைதான் 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டு வாசலுக்கே வருகிறது. 'அரசாங்க மாத்திரை' என்று முகஞ்சுளித்து அதைத் திருப்பியனுப்பிவிட்டு, அதே மூலப்பொருளைப் பத்து மடங்கு விலையில் வாங்க ஜமாஅத்தில் மனுக் கொடுக்கும் குடும்பங்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. இதைச் சொல்வதால் சிலருக்கு நம்மீது வருத்தம் உண்டாகலாம்.

மருத்துவர்கள் மூலப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி கொண்டு வந்தது. எதிர்ப்புக் கிளம்பிற்று, அந்த மாதம் முடிவதற்குள்ளேயே விதி நிறுத்தி வைக்கப்பட்டது. மருத்துவர்களுக்குப் பரிசும் வெளிநாட்டுப் பயணமும் தரக்கூடாதென்று 2024இல் மருந்து நிறுவனங்களுக்கு ஒழுக்க நெறி வகுத்தார்கள். மீறுவோரை விசாரிப்பது நிறுவனங்களின் சங்கமே. நல்ல மருத்துவர்கள் பலரை நாம் அறிவோம். ஏழைக்கு எழுதும்போது கையை இறுக்கி எழுதுகிறவர்கள் அவர்கள். ஆனால் ஒருவரின் நற்குணத்தை நம்பி பத்துக் கோடிப் பேரின் செலவை விட்டுவைக்க முடியாது. ஒப்புதல் தரும்போதே, இருக்கும் மருந்தைவிட இது என்ன கூட்டுகிறது என்று சொல்லக் கட்டாயமாக்க வேண்டும். 2017இன் அமைப்பு போடும் கணக்கை விலை ஆணையம் ஏற்றே தீர வேண்டும். அந்தக் கணக்கு எல்லாரும் படிக்கும்படி தமிழிலும் வெளிவர வேண்டும். இவை சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நம் பிரதிநிதிகள் கேட்க வேண்டியவை. நம் குழுவைப் பொறுத்தவரை, மருந்துக்கான மனுவோடு எல்லா அட்டைகளையும் கொண்டுவர வேண்டும், ஒரே மருத்துவர் அனைத்தையும் ஒருசேரப் பார்த்து எழுதிய சீட்டு இருக்க வேண்டும் என்று விதி செய்துகொண்டோம்.

அந்த உம்மாவை 2025ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில், பை சகிதமாக, அரசு மருத்துவமனை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். ஒன்பது அட்டைகள் ஐந்தாயின. நான்கு அங்கேயே இலவசமாகக் கிடைத்தன. எம்பாகிளிஃப்ளோசின் ஒன்றைத்தான் வெளியில் வாங்க வேண்டியிருந்தது. விலை இறங்கியிருந்தபடியால் மாதம் முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. இனி ஒரு நாளும் அதை விடக்கூடாதென்று மருத்துவர் அவர் கையைப் பிடித்துச் சொன்னார். பிறகு, 'கண்ணின் உட்பக்கத்தைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?' என்று கேட்டார். பதினோராண்டு காலச் சர்க்கரையில், மாதம் மூவாயிரமும் நாலாயிரமும் செலவிட்ட அந்த வீட்டில், அந்தச் சோதனை ஒருமுறைகூட நடக்கவில்லை. மறுநாள் கண் பிரிவுக்குக் கூட்டிச் சென்றோம். விழித்திரையில் இரத்தக் கசிவு தொடங்கியிருந்தது. இடக்கண்ணுக்கு அந்த வாரமே லேசர் செய்தார்கள்.